வாத்துத் துண்டும் ஏழு சுற்றும்

கீழுதடு இன்னும் பிதுங்கவில்லை. அது பிதுங்காத வரை பயமில்லை. முதலில் கீழுதடு, அடுத்து மூக்கு நுனியில் ஒரு சிவப்பு, அதற்கப்புறம் ஒரு மௌனம். அந்த மௌனத்தில் மூச்சை இழுப்பாள், இழுத்துக்கொண்டே போவாள், ஊரில் உள்ள காற்றையெல்லாம் இழுத்து முடித்த பிறகுதான் திருப்பி விடுவாள், அதற்கு மேல் நடப்பதற்கு நான் பொறுப்பில்லை. எட்டு மாதத்தில் நான் கற்ற ஒரே சாஸ்திரம் இது. இப்போதைக்கு என் மகள் நிறைமதி என் இடது தோளில் தாடையை வைத்துக்கொண்டு கூரையைப் பார்க்கிறாள். கூரையிலிருந்து கண்ணாடி விளக்குகள் தொங்குகின்றன, நீலமும் பச்சையும் வெள்ளையுமாக, எண்ணெய் ஊற்றி ஏற்றுகிற பழைய விளக்குகள், இன்று எண்ணெயும் இல்லை திரியும் இல்லை. பாரு தாயே, நன்றாகப் பாரு, ஒவ்வொன்றாகப் பாரு, அவசரமே இல்லை. மழை விட்டால் வெளியே போகலாம். விடாது. கொச்சிப் பக்கத்து ஆடி மழை, நம் கோயம்புத்தூர்த் தூறல் மாதிரி வந்தேன் போனேன் என்றா இருக்கும், குடித்தனம் பண்ண வந்ததுபோல் வந்திருக்கிறது. இந்தத் தெருவில் குழந்தையோடு ஒதுங்க இருந்தது இந்த ஒரு கூரைதான். யூதர்கள் தொழுத ஆலயம், பல நூறு வருஷம் பழையது என்று வாசல் பலகை சொல்கிறது, தொழ ஆளில்லாமல் போனதால் இப்போது என்னைப் போன்றவர்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். மூன்று கட்டடம் தள்ளி, மீன் பரிசோதிக்கிற ஒரு ஆய்வகத்தின் மாடியில், என் வீட்டுக்காரி கோதை நேர்காணலில் உட்கார்ந்திருக்கிறாள். பத்தரைக்கு உள்ளே போனாள். இப்போது பத்து நாற்பது. இன்னும் இரண்டு நிமிடம் போனால் பன்னிரண்டு நிமிடம் ஆகும். பன்னிரண்டைத் தாண்டிவிட்டால் நான் போன மாதத்துக் குருநாதனைவிட ஒரு படி மேல்.

போன மாதத்துக் குருநாதன், நானேதான், ஒரு மடையன். அவினாசி ரோட்டில் ஒரு கம்பெனி, கண்ணாடிக் கதவு, கோதை உள்ளே, நாங்கள் இரண்டு பேரும் வெளியே ஒரு வேப்ப மரத்தடியில். பிரசவத்துக்கப்புறம் அவளுக்கு வந்த முதல் நேர்காணல் அழைப்பு. பன்னிரண்டாவது நிமிடம் புள்ளை அழ ஆரம்பித்தாள், அழுகையென்றால் ரோட்டில் போன பஸ் நின்று பார்த்தது, நான் போனை எடுத்து அவளைக் கூப்பிட்டுவிட்டேன். கோதை பாதிப் பதிலில் எழுந்து ஓடி வந்தாள், ஒரு காலில் செருப்பு சரியாக ஏறவேயில்லை. தூக்கி முதுகில் இரண்டு தட்டு தட்டினாள். ஒரு ஏப்பம் வந்தது. அவ்வளவுதான். பத்து வருஷம் படித்த நுண்ணுயிரியல் ஒரு ஏப்பத்தில் போயிற்று. திட்டியிருந்தால் தேவலை, பாத்திரத்தைப் போட்டு உடைத்திருந்தால்கூடத் தேவலை. அவளோ ஓட்டலில் எலுமிச்சைச் சாதம் வாங்கிக் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டாள், பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடி பரவால்லைங்க என்றாள். பரவால்லைங்க. அந்த ஒரு வார்த்தை இந்த ஒரு மாதமாக என் தொண்டையில் மீன் முள்ளாக நிற்கிறது. நான் பம்ப் செட்டுக்கு விளக்கப் புத்தகம் எழுதுகிறவன், வீட்டிலிருந்தே எழுதலாம், புள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன் நீ வேலைக்குப் போ என்று கல்யாணத்தன்றைக்கே வீரம் பேசியவன். இன்று காலை லாட்ஜில் சேலைக்குப் பின் குத்திக்கொண்டே சொன்னாள், கண்ணாடியைப் பார்த்துத்தான் சொன்னாள், என்னைப் பார்க்கவில்லை: "போன் வந்துச்சுன்னா என்னால உக்காந்திருக்க முடியாதுங்க, எந்திரிச்சு வந்துருவேன். என்னைய நம்பாதீங்க. அதனால நீங்க பண்ணாதீங்க." பண்ண மாட்டேன். அந்தப் போன் சட்டைப் பையில், புள்ளையின் குதிகாலுக்கு நேர் கீழே இருக்கிறது. உதைத்து உதைத்து இவளே பண்ணிவிட்டால் என்ன செய்வது என்ற யோசனை இப்போதுதான் வருகிறது.

பத்து நாற்பத்திரண்டு. பத்து நாற்பத்துமூன்று. தாண்டிவிட்டோம். தாண்டிய சந்தோஷத்தில் நின்று ஒரு பலகையைப் படிக்கப் போனேன், மரப்பேழை, செதுக்கு வேலை, பேழைக்குள் வேதச்சுருள்கள் வைத்திருந்தார்கள், அவை இப்போது... கீழுதடு. ஐயோ. நடந்தேன். உதடு உள்ளே போயிற்று. நின்றேன். பிதுங்கிற்று. நடந்தேன். போயிற்று. ஆக இது பம்ப் செட் மாதிரி, ஓடும் வரைதான் தண்ணீர். இந்த மண்டபத்தில் நடப்பதற்கு இருப்பது ஒரே வழி, நடுவில் இருக்கிற மேடையைச் சுற்றி. வட்டமான மேடை, சுற்றிலும் பித்தளைக் கம்பி, இதன் மேல் நின்றுதான் வேதம் படிப்பார்களாம். காலுக்கு அது போதும். நாற்பது வருஷமாகப் பழகிய கால், நடுவில் ஒன்று இருந்தால் அதை வலது கைப்பக்கம் வைத்துச் சுற்றும், என்னைக் கேட்காது. வலது கையாவது சும்மா இருந்ததா, மேலே மணியைத் தேடிற்று. கண் உண்டியலைத் தேடிற்று. மூக்கு கற்பூரத்தைத் தேடி, கிடைக்காமல், என் தலையில் இருக்கிற துண்டின் நாற்றத்தைப் பிடித்துக்கொண்டது. ஆண்கள் தலையை மூடிக்கொள்ளவும் என்று வாசலில் எழுதியிருந்தது, என்னிடம் இருந்தது புள்ளை கக்கினால் துடைக்கிற துண்டுதான், வெள்ளைத் துண்டு, ஓரத்தில் மூன்று மஞ்சள் வாத்து, ஒரு வாத்தின் மேல் இன்று காலைப் பால் தயிராகி இருக்கிறது. அதைத் தலையில் போட்டுக்கொண்டபோது காப்பாளர் நாற்காலியில் இருந்த பெண் ஏறிட்டுப் பார்த்தாள். நாற்பது வயதிருக்கும், சட்டைப் பட்டையில் லிஸி என்று பெயர், மடியில் சாவிக் கொத்து. அவள் வாயால் சொன்னது: எதையும் தொடாதீர்கள், செருப்பை வெளியே விடுங்கள், இரண்டே இரண்டு விதி. குழந்தை அழக் கூடாது என்று மூன்றாவதாக ஒன்று அவள் மனசில் இருக்கிறது, எனக்குத் தெரியும். நான் செருமியபோதே இந்தச் சுவர்கள் அதை மூன்று முறை திருப்பிச் சொல்லின. இங்கே இவள் வாயைத் திறந்தால் மூன்று கட்டடம் தாண்டி மாடிக்குக் கேட்கும், கோதை போனே இல்லாமல் எழுந்து வந்துவிடுவாள்.

எத்தனையாவது சுற்றென்று தெரியவில்லை, வாசலில் ஒரே சலசலப்பு, குடை உதறுகிற சத்தம், வளையல் சத்தம், இருமல். ஒரு பஸ் ஆட்கள். கடவுளே, கூட்டம், கூட்டத்தைக் கண்டால் இவளுக்கு ஆகாது. முப்பது பேர் இருக்கும், குருவாயூர் போய்விட்டு வருகிறவர்கள், எல்லார் நெற்றியிலும் சந்தனம் காய்ந்து நிற்கிறது. பேச்சு காதில் விழுந்தது, நம்பியூர்ப் பக்கத்துப் பேச்சு, நம்மூர் ஜனம். வெளியூர்க்காரர்கள் முன்னால் அவமானப்படலாம், நாளைக்கு யார் முகம் யாருக்குத் தெரியும், சொந்த ஊர்க்காரர்கள் முன்னால் தலையில் வாத்தோடு நிற்பது வேறு. நான் பார்க்காததுபோல் நடந்தேன். நின்றால்தானே பேச்சுக் கொடுப்பார்கள். அவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள். என்ன தெரிந்திருக்கும் அவர்களுக்கு? வெறுங்காலோடு ஒருவன், தாடி, தலையில் வெள்ளைத் துணி, தோளில் பட்டுக்கரைத் துணி சுற்றிய எதையோ அணைத்துக்கொண்டு, வாய்க்குள் முணுமுணுத்தபடி மேடையைச் சுற்றி வருகிறான். துணிக்குள் இருந்தது புள்ளை, நான் முணுமுணுத்தது ஆராரோ ஆரிரோ. அது அவர்களுக்கு எப்படித் தெரியும். அடுத்த முறை வாசல் பக்கம் வந்தபோது எனக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. முதலில் ஒன்று, மஞ்சள் சேலை கட்டிய ஒரு அம்மா. அப்புறம் நாலைந்து. அப்புறம் எல்லாரும். கை கூப்பிக்கொண்டு, கம்பியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு. லிஸி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள், அப்படியே நின்றுவிட்டாள்.

நின்று சொல்லிவிடலாம். ஏனுங்க, நான் பூசாரி இல்லை, இது சுற்றுகிற இடமும் இல்லை, புள்ளை தூங்க நடக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் புள்ளையின் கண் இப்போதுதான் செருகத் தொடங்கியிருக்கிறது, ஒரு இமை மூடிவிட்டது, இன்னொன்று பாதியில் நிற்கிறது, இந்த நேரத்தில் நின்றால் போயிற்று, பேசினாலும் போயிற்று. பின்னால் அவர்களுக்குள் ஒரு வழக்கு ஆரம்பித்துவிட்டது, எத்தனை சுற்று என்று. பிள்ளையாருக்கு ஒன்று, ஈசனுக்கு மூன்று, நவக்கிரகம் என்றால் ஒன்பது, ஆனால் இது எந்தச் சாமி என்று தெரியவில்லையே என்று ஒருத்தர். உள்ளே சிலையே இல்லையே, சிலையில்லாத சாமிக்கு எப்படிக் கணக்கு என்று இன்னொருத்தர். கடைசியில் ஒரு கிழவர் தீர்ப்புச் சொன்னார், ஏழு போடுங்க, ஏழுமலையானுக்கு ஏழு, ஏழு எல்லாருக்கும் ஒத்துவரும். சரி என்று ஒத்துக்கொண்டார்கள். நம் ஜனத்தை நினைத்தால் சிரிப்பு வருகிறது, கொஞ்சம் பெருமையாகவும் இருக்கிறது, எந்த வாசலில் நிறுத்தினாலும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து யார் நீ என்று கேட்காமல் கும்பிடுவார்கள். சிரிக்கக் கூடாது, சிரித்தால் தோள் குலுங்கும். அப்போது மஞ்சள் சேலை அம்மா எட்டி நடந்து எனக்குப் பக்கத்தில் வந்தாள். குரலைத் தாழ்த்தி, ரகசியம் கேட்கிற மாதிரி கேட்டாள்: "சாமி, இங்க என்ன வேண்டிக்கிட்டா நடக்குமுங்க?" நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது. ஆனால் காலையிலிருந்து என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது ஒன்றுதான், அது என் அனுமதி கேட்காமல் மூச்சாக வெளியே வந்துவிட்டது. வேலை, என்றேன்.

வேலை கிடைக்குமாம். வேலைக்கு வேண்டிக்கணுமாம். வேலை. வேலை. அந்த வார்த்தை எனக்குப் பின்னால் ஒவ்வொரு வாயாகத் தாண்டிக் கடைசி ஆள் வரை போயிற்று, வட்டமாகச் சுற்றுகிறோமே, கடைசி ஆள் எனக்கு முன்னால்தான் போய்க்கொண்டிருந்தார், அவர் திரும்பி அதை எனக்கே சொன்னார். மஞ்சள் சேலை அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் வந்தவளிடம் சொல்வது கேட்டது, பெரியவன் இஞ்சினீயருக்குப் படித்துவிட்டு மூன்று வருஷமாக வீட்டில் இருக்கிறான், சாப்பிடும்போது தட்டைப் பார்த்தே சாப்பிடுகிறான், முகத்தை நிமிர்த்துவதில்லை. பாவி, நான் என்ன செய்துவிட்டேன். தாலாட்டு நடை நடந்தவனை நம்பி ஒரு தாய் அழுகிறாள். இதற்கு என்ன தண்டனை, எந்தச் சாமி கொடுக்கும், இங்கே இருக்கிற சாமிக்கு என்னைத் தெரியாது, நம்மூர்ச் சாமிக்கு இந்த விலாசம் தெரியாது. தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறானாம். கோதை எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டதும் அப்படித்தான். அந்தப் பையனுக்கும் கிடைக்கட்டும், கிடைக்கட்டும் ஐயா, நீ யாராக இருந்தாலும் சரி, சிலை இல்லாவிட்டால் பரவாயில்லை, காது இருந்தால் போதும், இந்த அம்மாவுக்கும் என் வீட்டுக்காரிக்கும் ஒரே கணக்காகப் பார்த்துச் செய். இதோ, நானும் வேண்டிக்கொண்டுவிட்டேன். இனி நான் பொய் சொன்னவன் இல்லை. அந்த நிமிடம் பையில் போன் அதிர்ந்தது. புள்ளையின் குதிகால் துள்ளிற்று. கோதையா? எழுந்து வந்துவிட்டாளா? எடுக்க வேண்டுமென்றால் கை மாற்ற வேண்டும், மாற்றினால் விழிப்பாள், எடுக்காவிட்டால் கோதை பயப்படுவாள், பயந்தால் ஓடி வருவாள், ஒரு காலில் செருப்போடு. அதிர்ந்தது, அதிர்ந்தது, நின்றது. புள்ளை ஒரு பெருமூச்சு விட்டாள், அதோடு உடம்பு முழுவதும் தோளில் இறங்கிற்று. தூங்குகிற குழந்தை விழித்திருக்கிற குழந்தையைவிட இரண்டு மடங்கு கனம்.

ஏழாவது சுற்று முடிந்தது என்று கிழவர் அறிவித்தார். என் கணக்கில் இருபதுக்கு மேல். கும்பிட்டு முடித்தால் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் அல்லவா, எல்லாரும் அப்படியே தரையில் உட்கார்ந்தார்கள், சுவரில் சாய்ந்தார்கள், ஒருத்தி முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்கப் போய் லிஸியைப் பார்த்து மூடினாள். லிஸி எழுந்து என்னிடம் வந்தாள். வந்தாயிற்று, தொலைந்தேன், வழிபாட்டுத் தலத்தை அவமதித்தவன், கம்பியை முப்பது பேரைத் தொட வைத்தவன், நாளைக் காலைப் பத்திரிகையில் வாத்தோடு படம் வரும். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் கையமர்த்தினாள். புள்ளையை எட்டிப் பார்த்தாள். "நீங்க சுத்தினது தப்பில்ல, கேட்டோ" என்று மலையாள இழுப்பில் சொன்னாள். ஒன்பது வருஷமாக இங்கே சாவி வைத்திருக்கிறாளாம். ஒரு தடவை இந்த ஊரை விட்டுப் போன யூதக் குடும்பத்தார் வந்து சொன்னார்களாம், முன்பெல்லாம் இங்கே வருஷத்துக்கு ஒரு பெருநாள் நடக்கும், அன்றைக்கு வேதச்சுருளைப் பேழையிலிருந்து எடுத்து, பட்டுத்துணி போர்த்தி, தோளில் சாய்த்து அணைத்துக்கொண்டு, பாடிக்கொண்டே இந்த மேடையைச் சுற்றுவார்கள், அதுவும் ஏழு சுற்று. குழந்தையைத் தூக்குகிற மாதிரியேதான் தூக்குவார்களாம். கீழே மட்டும் போடக் கூடாது, போட்டால் பார்த்தவர்களெல்லாம் நாற்பது நாள் நோன்பிருக்க வேண்டும். கதையாகக் கேட்டதுதான், கண்ணால் பார்த்ததில்லை, இன்றைக்குப் பார்த்த மாதிரி இருந்தது என்றாள். கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் கை இல்லை. என் புள்ளையை இதற்கு முன்னால் யாரும் இவ்வளவு பெரிய பொருளோடு ஒப்பிட்டதில்லை. போட மாட்டேன், என்றேன். அவள் தலையசைத்துவிட்டு, என் தலையைப் பார்த்து, பெருநாளன்றைக்கு வாத்து இருந்திருக்காது என்றாள்.

அப்போதுதான் கோதை வந்தாள். வாசலில் குடையை மடக்கினாள், இரண்டு செருப்பையும் நிதானமாகக் கழற்றினாள், இரண்டையும், ஒழுங்காக, ஜோடியாக வைத்தாள். அதைப் பார்த்ததுமே எனக்குப் பாதி உயிர் வந்துவிட்டது. தரையில் இருக்கிற முப்பது பேரையும் சுற்றிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். முடிவை நாளை சொல்கிறார்களாம். வெளியே வந்ததும் போன் பண்ணினாளாம், நான் எடுக்கவில்லையாம். அப்புறம் சொன்னாள், "கடசி வரைக்கும் உக்காந்திருந்தேங்க. எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னேன்." சொல்லும்போது முகம் நிமிர்ந்திருந்தது, அந்த முகத்தை நான் பார்த்து ஒரு வருஷம் ஆகிறது. வேலை கிடைத்தால் என்ன கிடைக்காவிட்டால் என்ன, இது போதும் என்று நினைத்துக்கொண்டேன். அவள் புள்ளையின் பாதத்தைத் தொட்டாள். குரல் மாறிவிட்டது. ஒவ்வொரு கேள்விக்கும் நடுவில் போனைப் பார்த்தாளாம், ஒரு தடவைகூட வரவில்லையாம். "என்னைய தேடவே இல்லீங்களா?" என்றாள். கேட்கிற கேள்வியைப் பாருங்கள். ஒரு மாதம் என்னைப் படுத்தியது ஒரு போன் வந்ததற்கு, இப்போது இவள் கண்ணில் தண்ணீர் நிற்பது அது வராததற்கு. ஆனால் பதில் எனக்குத் தெரிந்திருந்தது. "தேடுனா. நான்தான் உனக்குச் சொல்லல" என்றேன். கோதை மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள், குடுங்க என்று கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். கீழுதடு பிதுங்கிற்று. மூக்கு சிவந்தது. மௌனம் வந்தது, வந்தது, நான் லிஸியைப் பார்த்தேன், அவள் சாவிக் கொத்தை இறுகப் பிடித்தாள். பிறகு அழுகை. பல நூறு வருஷச் சுவர்கள் அதை வாங்கி வாங்கித் திருப்பிக் கொடுத்தன, மேலே விளக்குகள் கிணுகிணுத்தன. கோதை முதுகைத் தட்டினாள், ஆட்டினாள், ஏப்பம் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. கடைசியில் என் தோளில் திருப்பிச் சாய்த்து, "நடங்க" என்றாள். நடந்தேன். பின்னால் முழங்கால்கள் நெட்டி முறிகிற சத்தம், வளையல் சத்தம், இன்னும் ஏழாமா என்று கிழவர் யாரையோ கேட்கிற சத்தம். மஞ்சள் சேலை அம்மா கோதையின் கையைப் பிடித்து வரிசையில் இழுத்துவிட்டாள். "உனக்கும் வேலைக்குத்தானா கண்ணு? நட, நட" என்றாள். கோதை நடந்துகொண்டே என்னைப் பார்த்தாள். நான் கீழுதட்டைப் பார்த்தேன். அது உள்ளே போய்க்கொண்டிருந்தது.